நீலத்தொட்டி மருமகள்

தொட்டி வந்து இறங்கினது ஒரு வெள்ளிக்கிழமை. கோவில்பட்டியில இருந்து பத்தரை மணிக்கு வர்ற மினி பஸ்ஸோட கூரையில கயிறு போட்டுக் கட்டி வந்துச்சு. நீலக் கலரு, வட்ட வடிவம். ஒரு கன்னுக்குட்டியத் தாராளமா உள்ள படுக்க வைக்கலாம். கூடவே ஒரு சாக்குல சாமான்: சிவப்பு டம்ளர், பச்சை டம்ளர், சல்லடை, ஒரே ஒரு மஞ்சப் புனல், பிளாஸ்டிக் வாத்து மூணு. இறக்கி வச்ச கண்டக்டர், தொட்டிக்கு அரை டிக்கெட்டாவது போட்டிருக்கணும்னு முணுமுணுத்துக்கிட்டே விசில் ஊதினான்.

கருவநத்தத்து ஜனம் மொத்தமும் கூடி நின்னு பாத்துச்சு. பாக்காம என்ன செய்யும்? மூணு வருசமா மழை ஏமாத்தின ஊரு. கரிசக்காடு பாளம் பாளமா வெடிச்சு, வெடிப்புக்குள்ள செருப்ப விட்டவன் அத எடுக்க முடியாம ஒத்தச் செருப்போட வீடு வந்து சேந்த காலம். கம்பும் இல்ல, பருத்தியும் இல்ல. ஊர்க்கிணத்துல கெடந்த உப்புத்தண்ணியும் தரை தட்டியாச்சு. மாட்டுக்கே தண்ணி காட்ட வழியில்லாத ஊருக்கு இம்மாம் பெரிய தொட்டிய அனுப்பி வச்சா எவனுக்குத்தான் சிரிப்பு வராது? அதுலயும் அது மாட்டுக்கு வந்ததில்ல. பால்வாடிப் பிள்ளைகளுக்கு வந்தது. நீர் விளையாட்டுத் தொட்டியாம்.

பால்வாடி டீச்சர் சந்தனமாரி, தொட்டிக்குள்ள ஒட்டியிருந்த உறையப் பிரிச்சுக் காயிதத்தப் படிச்சா. தினமும் அரை மணி நேரம் தொட்டி நிறைய நல்ல தண்ணி விட்டு அதுல பிள்ளைகள அளைய விடணுமாம். பிள்ளைக வாயில வைக்கும்கிறதால குடிக்கிற தண்ணியாத்தான் இருக்கணுமாம். அப்படி அளைஞ்சா விரலுக்கு வலு வருமாம், டம்ளர் டம்ளரா ஊத்துறதுல எண்ணிக்கை வருமாம், கூடி விளையாடுறதுல பொறுமை வருமாம். முப்பது நாள் கழிச்சு மேலாபீசுல இருந்து பெரிய மேடம் ஜீப்புல வந்து பாப்பாங்களாம். இத எழுதுன புண்ணியவான் எந்த ஆத்தங்கரையில உக்காந்து எழுதினானோ, நம்ம பக்கத்து வெயில அவன் கண்ணால கண்டிருக்க மாட்டான். சந்தனமாரியும் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சா. நாலாவது வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு. 'நீர் விளையாட்டு குழந்தையின் பேச்சைத் தூண்டும்'னு போட்டிருந்துச்சு. அத நாலு தடவ படிச்சா. காயிதத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

காரணம் இருக்கு. அவ மக காவியாவுக்கு நாலரை வயசு. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினது கெடையாது. காது நல்லா கேக்கும். அடுத்த தெருவுல மிட்டாய்த் தாளப் பிரிச்சா இவ அவிய வாசல்ல போயி நிப்பா. சிரிப்பா, அழுவா, கோவம் வந்தா சோத்துத் தட்ட வீசுவா. பேச்சு மட்டும் இல்ல. சந்தனமாரி செய்யாத வைத்தியம் இல்ல. வசம்பச் சுட்டுத் தேன்ல குழைச்சு நாக்குல தடவியாச்சு. கோயில் மணியக் கவுத்தி அதுல தண்ணி ஊத்திக் குடிக்க வச்சாச்சு. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனதுல டாக்டர் தொண்டைக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவளுக்கா ஒரு அவசியம் வந்தா பேசுவான்னு சொல்லி அனுப்பிட்டாரு. பசியவிட என்ன பெரிய அவசியம் வந்துரப் போகுதுன்னு சந்தனமாரிக்கு விளங்கல. புருசன் செல்வக்குமாரு மணியாச்சியில ரயில்வே வேலை, வாரத்துக்கு ஒரு நா வருவான். அவன் மகளப் பாத்துக்கிட்டும் மக அவனப் பாத்துக்கிட்டும் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்பாங்க. அந்தக் கண்றாவியப் பாக்கமாட்டாம சந்தனமாரி அடுப்படிக்குப் போயிருவா. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் அ, ஆ சொல்லிக் குடுக்குறவளுக்கு, பெத்தது ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டாப் போதும்னு இருந்துச்சு. வேற ஒரு ஆசை அவளுக்கு இந்த உலகத்துல இல்ல.

மறுநாளே தன் வீட்டுத் தண்ணியில ஒரு குடத்தத் தூக்கிட்டு வந்து தொட்டியில ஊத்தினா. வீட்டுக்கு நாலு குடம், அதுவும் நாலு நாளைக்கு ஒருக்கத்தான். அதுல ஒண்ணு போறதுன்னா சும்மா இல்ல. ஊத்தின தண்ணி தொட்டித் தரையக்கூட முழுசா நனைக்கல. வாத்து மூணும் ஒருக்களிச்சுப் படுத்துக் கெடந்துச்சு. பதினெட்டுப் பிள்ளைகளயும் சுத்தி உக்கார வச்சு, விளையாடுங்கன்னு சொன்னா. பிள்ளைக ஒண்ணையொண்ணு பாத்துச்சுக. அப்புறம் டம்ளர்ல மோந்து குடிக்க ஆரம்பிச்சுச்சுக. அஞ்சே நிமிசம், தொட்டி காஞ்சு போச்சு. ஒரு சொட்டு கீழ சிந்தல. சல்லடையில மோந்தவன் மட்டும் கொஞ்சம் அழுதான்.

விளையாட்டு அதுக்குப் பொறவுதான் தொடங்குச்சு. யாரும் சொல்லிக் குடுக்காமயே பிள்ளைக டம்ளர எல்லாம் தொட்டிக்கு முன்னால வரிசையா வச்சுதுக.

இங்க ஊர் வழக்கத்தச் சொல்லியாகணும். கருவநத்தத்துல தண்ணி வர்றதுக்கு முத நா சாயங்காலமே குழாயடியில குடம் வரிசை கட்டிரும். குடம் இல்லாதவ கல்ல வைப்பா, கல் கிடைக்காதவ ஒத்தச் செருப்ப வைப்பா. எது இருந்தாலும் அது இடம்தான். மறுநா மோட்டார் போடுற மாயகிருஷ்ணன் குழாயத் தொறந்துட்டு, ஒவ்வொரு குடமாக் காலால தட்டி, "இது யாரு குடம்?"னு கேப்பான். குடத்துக்காரி தன் வாயால "என் குடம்"னு சத்தம் குடுக்கணும். வேற யாரும் அவளுக்காகச் சொல்லக் கூடாது. மூணு தடவ கேட்டும் சத்தம் வரலன்னா குடம் கடைசிக்குப் போயிரும். இந்தச் சட்டம் மட்டும் இல்லன்னா, ஆளுக்கு நாலு குடத்த வச்சிட்டு வீட்டுல போயித் தூங்கிருவாளுக.

பிள்ளைக விளையாடினது அச்சு அசல் அதுதான். முத்துசெல்வின்னு ஒருத்தி, அஞ்சு வயசு, வாயின்னா அப்படி ஒரு வாயி. அவதான் மாயகிருஷ்ணன். டம்ளர ஒவ்வொண்ணாக் காலால தட்டி, இது யாரு டம்ளருன்னு கேட்டா. பிள்ளைக என் டம்ளரு, என் டம்ளருன்னு கத்துச்சுக. காவியாவுக்குக் கெடச்சது யாருக்கும் வேண்டாத அந்த மஞ்சப் புனல். ஊத்தினா ஒழுகிப் போற சாமானை எவ எடுப்பா? அவ அத ஒழுங்காக் கவுத்தி வரிசையில நாலாவதா வச்சா. முத்துசெல்வி தட்டிக் கேட்டா. காவியா அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா. மூணு தடவ ஆச்சு, புனல் கடைசிக்குப் போச்சு. அடுத்த சுத்து, மறுபடி கடைசி. அவ அழல. ஒவ்வொரு தடவையும் பின்னால போயி, புனல நேராக் கவுத்தி வச்சிட்டு, பக்கத்துல நின்னுக்கிட்டா. சந்தனமாரி தாங்கமாட்டாம, அது காவியாவோடதுட்டின்னு சொல்லிட்டா. முத்துசெல்வி இடுப்புல கை வச்சுத் திரும்பி, குடத்துக்காரிதான் டீச்சர் சொல்லணும்னு சட்டம் பேசினா. அவ சொன்னதும் நியாயம்தான்.

தொட்டி நிறைய தண்ணி இருந்தா எம்மக பேசுவா. சந்தனமாரி மனசுல இது விழுந்துருச்சு. விழுந்தது எந்திரிக்கல. காயிதத்துலயே போட்டிருக்கான், அரசாங்கம் பொய்யா சொல்லும்?

அன்னைக்குச் சாயங்காலம் மோட்டார் ரூம் வாசல்ல ஊர்க் கூட்டம். வார்டு மெம்பர் திருப்பதி அண்ணாச்சிதான் தண்ணி விசயத்துக்கெல்லாம் தீர்ப்பு. தண்ணி விடுற ஒவ்வொரு வாரிக்கும் ரெண்டு குடம் பால்வாடித் தொட்டிக்குக் கூடுதலா வேணும்னு சந்தனமாரி கேட்டதும் பொம்பளைக பொங்கிட்டாளுக. குடிக்கவே காணோம், இதுல பிள்ளைகளுக்குத் தெப்பத் திருவிழா கேக்குதோன்னு ஒருத்தி கேட்டா. என் பிள்ளைய நான் குளிப்பாட்டியே பதிமூணு நாளாச்சுன்னு இன்னொருத்தி. சந்தனமாரி இடுப்புல இருந்த காயிதத்த எடுத்துப் படிச்சா. விரலுக்கு வலு, எண்ணிக்கை, பொறுமைன்னு வரிசையாப் படிச்சிட்டு வந்தவ நாலாவது வரியில நின்னுட்டா. அந்த வரிய அவ முடிக்கல. முடிக்கவும் தேவையில்ல. காவியாவ எல்லாருக்கும் தெரியும். கத்திக்கிட்டிருந்தவளுக எல்லாம் தரையப் பாத்தாளுக.

ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? திருப்பதி அண்ணாச்சி ரொம்ப நேரம் தாடையச் சொறிஞ்சாரு. இந்த ஊர்ல கூடுதல் தண்ணி ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு, அது புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணுன்னு சொன்னாரு. அது பழைய கதை. தாமிரவருணிக் கரையில இருந்து இங்க வாக்கப்பட்டு வந்த ஒருத்தி, குளிக்க ஒரு குடம்தான்னு கேட்டதும் மறுநா விடியும் முன்னயே பொறந்த வீட்டுக்கு ஓடிட்டா. அதுல இருந்து, புது மருமக வந்த வீட்டுக்கு முப்பது நாள் வரைக்கும் வாரிக்கு ரெண்டு குடம் கூட. பொண்ணு கொஞ்சம் கொஞ்சமாத் தாகத்துக்குப் பழகிக்கிடும். முப்பத்தோராவது நாள் அவளும் ஊர்க்காரிதான்.

அப்பத்தான் ஆவுடைத்தாய் எந்திரிச்சா. மோட்டார்க்கார மாயகிருஷ்ணனப் பெத்தவ. மகனுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு, கல்யாணம் ஆகல. எப்படி ஆகும்? குழாய அடைக்கிறவன்னு சுத்துவட்டாரத்துப் பொம்பளைக எல்லாம் அவனச் சபிச்சிட்டுப் போறாளுக, அவளுக பெத்த மகள எப்படிக் குடுப்பாளுக? இருபது வருசமா ஒவ்வொரு வீட்டுக்கும் மருமக வரதையும், கூடவே ரெண்டு குடம் தண்ணி போறதையும் பாத்துப் பாத்து ஆவுடைத்தாய்க்கு நெஞ்சு காஞ்சு போயிருந்துச்சு.

"அந்தத் தொட்டி என் வீட்டுக்கு மருமகளா வரட்டும்"னு அவ சொன்னா.

ஒருத்தரும் சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். தொட்டி எப்படிய்யா மருமகளாகும்னு கேக்கதுக்கு அங்க ஒரு நாதி இல்ல. எல்லாரும் திருப்பதி அண்ணாச்சி வாயப் பாத்தாவ. அவரு யோசிச்சு, வெளியூர்ல இருந்து வந்திருக்கு, பஸ்ஸுல வந்திருக்கு, சீர்சாமானோட வந்திருக்கு, வந்ததும் தண்ணி கேக்குது, இதுக்கு மேல மருமகளுக்கு என்ன லட்சணம் வேணும்னு தீர்ப்பச் சொல்லிட்டாரு. கூடவே ரெண்டு நிபந்தனை. தண்ணி சேந்து தொட்டி நிறையுத வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. முப்பதாவது நாள் மேடம் முன்னால பிள்ளைக அரை மணி நேரம் விளையாடி முடிச்சதும் தண்ணி மொத்தமும் ஊருக்குப் பங்கு. சந்தனமாரி தலைய ஆட்டினா. ஒரே ஒரு அரை மணி நேரம். அதுக்குள்ள அவ மக வாயத் தொறக்கணும்.

மறுநா முகூர்த்தம். தொட்டிய முதல்ல ஆவுடைத்தாய் வீட்டுக்குக் கொண்டு போனாங்க. வலது கால எடுத்து வச்சு உள்ள வரணும், வட்டத் தொட்டிக்கு வலது கால் எதுன்னு வாசல்ல கால் மணி நேரம் சண்ட. கம்பெனிச் சீட்டு ஒட்டியிருக்க பக்கம் மூஞ்சின்னு வச்சுக்கிட்டா வலது தன்னால தெரியும்னு ஒருத்தன் வழி சொன்னான். அந்தச் சீட்டு மேலயே குங்குமம் வச்சு ஆலாத்தி சுத்தினாங்க, தண்ணிக்குப் பதிலா மஞ்சத் தூளத் தட்டுல பரப்பி. தாலி உண்டுமான்னு எவனோ கேக்கப் போயி, அதெல்லாம் ரொம்ப அதிகம்னு அண்ணாச்சி அதட்டிட்டாரு. மாயகிருஷ்ணன் மோட்டார் ரூமுக்குள்ள போயி உள்தாப்பாப் போட்டவன் பொழுது சாயத்தான் வெளிய வந்தான். மூணாம் நாள் மருமக வேலைக்குப் போறான்னு சொல்லித் தொட்டிய பால்வாடிக்குத் திருப்பித் தூக்கிட்டு வந்தாங்க. ஊர்ல பாதிப் பொண்ணுக தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுதுக, இது பால்வாடிக்குப் போகுது, அம்புட்டுதான்.

மருமக எங்கயோ மாமியாளும் அங்க. ஆவுடைத்தாய் காலையில ஒம்பது மணிக்கே வந்து தொட்டி பக்கத்துல சம்மணம் போட்டுருவா. தண்ணி விழுற ஒவ்வொரு வாரிக்கும் ரெண்டு குடம் வந்து சேரும். சேந்ததும் ஒரு பழைய சேலையப் போட்டு மூடி, வெளக்குமாத்துக் குச்சிய விட்டு ஆழம் பாப்பா. வெயில்ல ஒரு விரக்கடை வத்தினாலும், பொறந்த வீட்டுக்குக் கடத்திட்டியாட்டின்னு தொட்டியப் பாத்துக் கேப்பா. பிள்ளைக எட்ட உக்காந்து மூடி வச்ச சேலையப் பாத்துக்கிட்டே சத்துமாவுருண்டை திங்கும். இதான் நீர் விளையாட்டு. அப்புறம் காஞ்ச தரையில டம்ளர் வரிசை, முத்துசெல்வி சட்டம், கடைசியில மஞ்சப் புனல். மாயகிருஷ்ணன் மட்டும் பத்து நாள்ல மாறிட்டான். தலையச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, மோட்டார் சாவியச் சுத்திக்கிட்டே பால்வாடி வாசல்ல ஒரு தடவ நின்னு பாத்துட்டுப் போவான்.

ஒருநா ஆவுடைத்தாய் பக்கத்து வீட்டுக்காரிட்ட மருமகளப் பத்திப் பெருமை பேசிக்கிட்டிருந்தா. எதுத்து ஒரு வார்த்தை கெடையாது, ஒரு கோள் மூட்டல் கெடையாது, பேசாத பொண்ணு கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்னா. சொன்ன பொறவுதான் காவியா அங்க நிக்கிறதப் பாத்தா. சட்டுனு வாய மூடிக்கிட்டா. சந்தனமாரி கரும்பலகைய அழிச்சா. அதுல எழுத்து எதுவும் இல்ல, ஆனாலும் ரொம்ப நேரம் அழிச்சா.

முப்பதாவது நாள் திங்கக்கிழமை. முந்தின நா ஞாயிறுதான் கடைசி வாரி. ஏழு வாரிக்குப் பதினாலு குடம் சேந்துச்சு. விளிம்பு தட்ட ஒரு குடம் கொறஞ்சுச்சு, அத சந்தனமாரி தன் வீட்டுத் தண்ணியில ஊத்தினா. சேலைய எடுத்ததும் ஊரே கிட்ட வந்து எட்டிப் பாத்துச்சு. தொட்டி நிறைய தண்ணி, அதுல வானம் தெரியுது, மூணு வாத்தும் எந்திரிச்சு நிக்குது. பொம்பளைக எல்லாம் பங்குக்குக் குடத்தோட வந்து சுவரோரமா நின்னாளுக. திருப்பதி அண்ணாச்சியும் இன்னும் அஞ்சு பேரும், சொட்டு சிந்தாமப் பாத்துக்கிடதுக்காகத் தொட்டியச் சுத்தி முக்காலி போட்டு உக்காந்திருந்தாவ.

பெரிய மேடம் பதினோரு மணிக்கு வந்தாங்க. நல்ல மனுசி, கையில அச்சடிச்ச பாரத்தோட வந்து உக்காந்து, பிள்ளைகள அளைய விடுங்கன்னு சொன்னாங்க. பதினெட்டுப் பிள்ளைகளும் கையக் கட்டிக்கிட்டு தண்ணியப் பாத்துதுக. ஒண்ணும் அசையல. கூச்சப்படுதுங்கன்னு நெனைச்ச மேடம், தானே எந்திரிச்சுப் போயி உள்ளங்கையால தண்ணியில ஒரு அடி அடிச்சாங்க. ரெண்டு கை தண்ணி வெளிய தெறிச்சுச்சு. ஊரே ஒத்தக் கொரல்ல அய்யோன்னு அலறிருச்சு. ஆவுடைத்தாய் பாஞ்சு வந்து மேடத்தோட மணிக்கட்டப் பிடிச்சிட்டா.

"எம்மருமகள அடிக்கதுக்கு நீங்க யாரும்மா?"

மேடத்துக்கு எதுவும் ஓடல. அவங்க சுத்திச் சுத்திப் பாத்தாங்க, மருமக யாருன்னு தெரியல. சந்தனமாரி ஓடி வந்து ஏதேதோ சொல்லி அவங்கள உக்கார வச்சா. பிள்ளைக அவுக முறையில விளையாடட்டும்னு மேடம் கும்பிட்டுச் சொன்னாங்க. அந்த வார்த்தைக்குத்தான் பிள்ளைக காத்துக் கெடந்துச்சுக போல. டம்ளர்க வரிசைக்கு வந்துச்சு. முத்துசெல்வி பாவாடைய ஏத்திச் சொருகிக்கிட்டு முன்னால போயி நின்னா. என் டம்ளருன்னு சத்தம் குடுக்கக் குடுக்க ஒவ்வொண்ணா வந்து, ஒரு டம்ளர் மோந்து, அத மேலே தூக்கி, சொட்டு சிந்தாம மெல்லத் தொட்டியிலயே ஊத்திட்டுப் போச்சு. முக்காலிக்காரங்க ஒவ்வொரு டம்ளருக்கும் குனிஞ்சு நிமிர்ந்தாவ. இப்படி ஒரு பொறுமைய நான் எங்கயும் பாத்ததில்லன்னு மேடம் பாரத்துல எழுதினாங்க.

புனல் வழக்கம் போல பின்னால போயிக்கிட்டே இருந்துச்சு. சந்தனமாரி கையில கட்டியிருந்த வாட்சையும் மகளையும் மாறி மாறிப் பாத்தா. இருபத்தஞ்சு நிமிசம் ஆச்சு. தண்ணி பக்கத்துலயே இருக்கு, தொட்டி நிறைய இருக்கு, காயிதத்துல போட்டபடி எல்லாம் இருக்கு. அந்த வாய் மட்டும் தொறக்கல. பதினேழு பேரும் முடிஞ்சு, காவியாவுக்குப் பின்னால தள்ளி வைக்க ஆளே இல்லாமப் போச்சு. பொறந்ததுல இருந்து முத தடவையா அவ வரிசைக்கு முன்னால வந்து நின்னா. முத்துசெல்வி புனலக் காலால தட்டினா. இது யாரு புனலு? பதில் இல்ல. இது யாரு புனலு? சுவரோரம் நின்ன பொம்பளைக எல்லாம் மூச்சப் பிடிச்சுக்கிட்டாளுக. சந்தனமாரியோட உதடு தன்னால அசைஞ்சுச்சு, சத்தம் வரல. குடத்துக்காரிதான் சொல்லணும்.

மூணாவது தடவ கேக்க முத்துசெல்வி வாயெடுக்கதுக்குள்ள வந்துச்சு ஆடு. சிவனாண்டியோட வெள்ளாடு நாப்பது உருப்படி. ரெண்டு நாளாத் தண்ணி காணாம காட்டுல அலைஞ்சுட்டு ஊருக்குத் திரும்புன ஆடுகளுக்கு பால்வாடித் தண்ணி வாடை அடிச்சிருச்சு. சிவனாண்டி பின்னால கம்போட கத்திக்கிட்டே ஓடி வாரான், ஒண்ணும் கேக்கல. முன்னால வந்த கொம்புக் கிடா முக்காலி ரெண்ட உருட்டிட்டு, மஞ்சப் புனலத் தாண்டி, நேராத் தொட்டிக்குள்ள மூஞ்சிய விட்டுச்சு.

காவியா புனல எடுத்து அது மூக்குல ஒண்ணு போட்டா.

"ஏலே, பின்னால போ. இது என் புனலு. நான் முந்தி வச்சேன்."

பிள்ளைக் கொரல் இல்ல அது. குழாயடியில நாப்பது வருசம் சண்டை போட்ட பொம்பளையோட கொரலு. ஒரு எழுத்து கொழறல. நாலரை வருசமா உள்ள கெடந்து ஊறினது மொத்தமாத் தெறிச்சு விழுந்துச்சு. கிடாய்க்கே திடுக்குனு இருந்திருக்கும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ரெண்டு எட்டு பின்னால போச்சு.

மத்த முப்பத்தொம்பதுக்குச் சட்டம் தெரியாது. தொட்டியச் சுத்தித் தலையக் கொடுத்துக் குடிக்க ஆரம்பிச்சுச்சுக. ஒருத்தர் விரட்டல. விரட்ட முடியாமன்னு சொல்லக் கூடாது, விரட்டணும்னு தோணல. ஆவுடைத்தாய் ஓங்கின கைய அப்படியே வச்சுக்கிட்டு நின்னா. பொம்பளைக வெறுங்குடத்த இடுப்புல வச்சபடி காவியா வாயையே பாத்துக்கிட்டிருந்தாளுக, அடுத்தது ஏதும் வருதான்னு. பதினஞ்சு குடம் தண்ணி எல்லார் கண்ணு முன்னாலயும் சளக் சளக்குனு போயிக்கிட்டிருந்துச்சு. மேடம்தான் பாவம், பங்கேற்றோர்ங்கிற இடத்துல 'குழந்தைகள் பதினெட்டு'ன்னு எழுதிட்டு, ஆட்டையும் சேக்கணுமான்னு திருப்பதி அண்ணாச்சிட்ட கேட்டாங்க.

சந்தனமாரி போயி மகளுக்கு முன்னால மண்டி போட்டு உக்காந்து அவ மூஞ்சிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அம்மா சொல்லு, ஏட்டி, அம்மான்னு ஒரு தடவ சொல்லுன்னு கெஞ்சினா. காவியா சொல்லல. அவளுக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. அம்மா கையத் தட்டி விட்டுட்டு, ஆடுகளுக்கு ஊடால புகுந்து, விளிம்பப் பிடிச்சுத் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தா. தரை தெரிஞ்சுச்சு. மூணு வாத்தும் ஒருக்களிச்சுப் படுத்துக் கெடந்துச்சு. அவ முறை வந்தப்பத்தான் இப்படி ஆகணுமா? புனலத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பினா.

"தண்ணி எங்கம்மா?"

அம்மான்னு கூப்பிட்டாச்சு. கூப்பிட்டா என்ன சொல்லணும், எப்படி அள்ளி எடுக்கணும்னு நாலரை வருசமா சந்தனமாரி மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்த பதில்ல ஒண்ணுகூட இதுக்கு ஆகல. அவ மூக்க உறிஞ்சிக்கிட்டு, வியாழக்கிழமை வரும்னு சொன்னா.

காவியா புனலத் தூக்கிட்டு வெளிய நடந்தா. சந்தனமாரி பின்னாலயே போனா. எதுத்தாப்புல மாயகிருஷ்ணன் தொட்டியக் கவுத்தித் தலையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போறான். முப்பது நாள் முடிஞ்சுருச்சு, இனி அவ புதுப் பொண்ணு இல்ல, வீட்டு வேலையப் பாக்கட்டும்னு ஆவுடைத்தாய் பின்னால சொல்லிக்கிட்டே போறா.

குழாயடியில ஒரு குடம் கெடையாது, ஒரு கல்லு கெடையாது. காவியா குழாய்க்கு நேர் கீழ புனலக் கவுத்தி வச்சிட்டு, பக்கத்துல வெறுந்தரையில உக்காந்துக்கிட்டா. சந்தனமாரியும் உக்காந்தா. வெயிலு நடு மண்டையில அடிச்சுச்சு. வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சு.